கப்பலோட்டிய மண்ணில் பிறர் மகிழுந்து

தூத்துக்குடி மாவட்டத்துச் சில்லாநத்தம் தொழிற்பூங்காவில், 2025-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 4-ஆம் நாள், வியத்துநாம் நாட்டு 'வின்பாசுட்டு' நிறுவனத்தின் மின்மகிழுந்து ஆலை திறந்து வைக்கப்பெற்றது. 2024 பிப்பிரவரி 25-இல் அடிக்கல். பதினேழு திங்களில் ஆலை. ஏறத்தாழ நானூறு ஏக்கர் நிலம். 16,000 கோடி உருபா முதலீட்டிற்கு ஒப்பந்தம். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டி, பின்னர் 1,50,000 வண்டி. 3,000 முதல் 3,500 பேர்க்கு வேலை. அறிவிக்கப்பெற்ற எண்கள் இவை.

தென்மாவட்டங்களுக்கு மகிழுந்து ஆலை வந்துவிட்டதென்று செய்தித்தாள்கள் மகிழ்ந்தன, ஆட்சியாளர் மகிழ்ந்தனர், மகனுக்கு வேலை கிடைக்குமென்று பெற்றோரும் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியைப் பழிப்பதற்கில்லை. உப்பளத்தில் கால்வெடித்துக் கண்கூசி உழைத்த தந்தைக்குத் தன் மகனேனும் நிழலில் நின்று உழைக்கவேண்டும் என்னும் அவா இருக்கத்தான் செய்யும். பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போன இளைஞர்களின் வீடுகள் அம்மாவட்டத்தில் ஒன்றிரண்டல்ல. எனவே, ஆலை வந்தது நன்றே.

ஆனால், மகிழ்ந்தோருள் எவரும் கேளாத வினா ஒன்றுண்டு. அவ்வாலையில் இப்பொழுது நடைபெறுவது முதன்மையாகப் பொருத்தும் வேலை. வெளிநாட்டில் வரையப்பெற்று, வெளிநாட்டில் வார்க்கப்பெற்று, பெட்டிகளில் வந்திறங்கும் உறுப்புகளைத் தமிழன் கை கூட்டிப் பொருத்துகின்றது. இருபதாண்டு கழித்தும் அக்கை பொருத்திக்கொண்டேதான் இருக்குமா? அன்றி, படைக்கின்ற கையாக மாறியிருக்குமா? ஆலையின் அகலத்தையும் முதலீட்டின் அளவையும் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முடியாது. அதற்கு வேறோர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் வெளியே தேடத்தக்கதன்று, தூத்துக்குடியிலேயே கிடக்கின்றது.

முத்துக் குளித்தவனும் முத்தைப் படைத்தவனும்

கொற்கை முத்து, கிரேக்கரும் உரோமரும் தங்கள் ஏடுகளில் எழுதிவைத்த முத்து. பாண்டியர்க்குப் பின்னர் அம்முத்துக்கடல் போர்த்துக்கீசியர் கைக்குப் போயிற்று. 1658-இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆண்டவர் மாறினர், மூழ்கியவன் மாறவில்லை. காலிற் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, பாருக்குள் இறங்கிச் சிப்பி அள்ளிய பரதவனே நூற்றாண்டுதோறும் மூழ்கினான். ஆங்கிலேயர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பி மூன்று குவியலாகப் பிரிக்கப்பெற்றது. இரண்டு குவியல் அரசுக்கு. ஒரு குவியல் குளித்தவனுக்கு. உயிரைப் பணயமாக வைத்தவனுக்கு மூன்றிலொன்று. கரையில் குடைபிடித்து நின்றவனுக்கு மூன்றிலிரண்டு!

அக்கொடுமையினும் பெரிய கொடுமை ஒன்றைத் தமிழர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1893-ஆம் ஆண்டு சப்பான் நாட்டுக் கோக்கிச்சி மிக்கிமோட்டோ என்பார், சிப்பிக்குள் சிறு பொருளை இட்டு முத்தை விளைவிக்கும் வழியைக் கண்டார். முதலில் விளைந்தது அரைமுத்து. பின்னர் முழுமுத்தும் விளைந்தது. இயற்கை எப்பொழுதோ எங்கோ தருவதைத் தேடிக் கடலடியில் தடவ வேண்டிய தேவை அவர்களுக்கு ஒழிந்தது. விளைவித்த முத்து உலக அங்காடியை நிறைத்தது. தூத்துக்குடியிலோ, பார்களில் சிப்பி வற்றிய ஆண்டுகளில் பட்டினியும், பெருகிய ஆண்டுகளில் குளிப்புமாகக் காலம் கழிந்தது. 1961-ஆம் ஆண்டுக் குளிப்போடு அம்மரபும் முடிந்தது. 1973-இல் தூத்துக்குடியிலேயே, நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து அறிவியலறிஞர் கே. அழகர்சாமி, முத்து விளைவிக்கும் முறையில் வெற்றி கண்டார். மிக்கிமோட்டோவுக்கும் அதற்கும் இடைவெளி எண்பது ஆண்டு! அதற்குள் முத்து வணிகம் பிறர் வயமாகிவிட்டது.

ஈராயிரம் ஆண்டு முத்தெடுத்தவன் முத்தின் உள்ளியல்பை அறியாது போனான். அறிய முனைந்தவன் முத்துக்கே தலைவனானான். குளித்தவனுக்குத் திறமை குறைவா? கடலடியில் ஒரே மூச்சில் உழைக்கும் திறமை உலகில் எத்தனை பேர்க்கு உண்டு? குறைந்தது திறமையன்று, அத்திறமைக்குப் பின்னிருக்க வேண்டிய ஆய்வும் கல்வியும் உரிமையுமே. அவற்றைத் தேடித்தர வேண்டிய அரசுகள், இரண்டு குவியலை எண்ணி எடுத்துக்கொள்வதிலேயே கண்ணாயிருந்தன. இம்முத்துக் கதை மகிழுந்திற்கு எழுதிவைத்த முன்னுரை என்க.

சிதம்பரனார் வகுத்த அளவுகோல்

அதே கடற்கரையில் வேறொரு வழியைக் காட்டியவர் வ.உ. சிதம்பரனார். 1906 அக்குதோபரில் அவர் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கத்தின் முதல் பத்து இலக்கம் உருபா. பங்கொன்று இருபத்தைந்து உருபாவாக நாற்பதாயிரம் பங்கு. சங்கம் ஓட்டிய 'காலியா', 'லாவோ' எனும் கப்பல்கள் இரண்டும் வெளிநாட்டிலிருந்து வாங்கப்பெற்றவையே. அவர் கப்பல் கட்டவில்லை, வாங்கினார். அப்படியாயின், வெளிநாட்டுப் பொருளைக் கொணர்ந்ததில் இன்றைய ஆட்சியாளர்க்கும் சிதம்பரனார்க்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு அச்சங்கத்தின் குறிக்கோள்களில் இருக்கின்றது. கப்பல் ஓட்டுங் கலையையும் கப்பல் கட்டுங் கலையையும் இந்நாட்டார்க்கும் இலங்கையர் முதலிய ஆசிய நாட்டார்க்கும் பயிற்றுவித்தல். அவற்றைக் கற்பிக்கக் கல்விச்சாலைகள் நிறுவுதல். கப்பல் கட்டும் துறைகளை அமைத்தல் - இவை அக்குறிக்கோள்களுள் எழுதப்பெற்றிருந்தன. இன்று வாங்குகின்றோம், நாளை ஓட்டக் கற்போம், மறுநாள் கட்டுவோம் என்னும் மூன்று படியையும் அவர் முதல் நாளிலேயே எழுத்தில் வைத்தார். வாங்குவது அவர்க்கு வாயில், கட்டுவதே வீடு.

வெள்ளையர் வணிகம் அஞ்சியதும் அதற்கே. ஆங்கிலக் கப்பற் குழுமம் கட்டணத்தைக் குறைத்தது. காசில்லாமலே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அதனாலும் அடங்காதபோது, 1908-இல் சிதம்பரனாரைச் சிறையிலடைத்து, இரட்டை வாழ்நாள் தண்டம் விதித்து, கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தது வெள்ளை ஆட்சி. 1911-இல் சங்கம் கலைந்தது. கப்பல் வைத்திருந்தமைக்காக மட்டும் ஒருவனைச் செக்கிழுக்க வைப்பாரில்லை. கப்பல் கட்டக் கற்றுக்கொள்வான் என்னும் அச்சமே அவர்களை அவ்வளவு தொலைவுக்கு விரட்டியது.

அவர் பெயர் 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இடப்பெற்றது. பெயரை இட்டவர்கள் அளவுகோலை மறந்துவிட்டனர். அப்பெயர் தாங்கிய துறைமுகத்தின் பக்கத்தில் அமைந்த ஆலையையும், அதற்கு முன் தமிழ்நாட்டில் அமைந்த ஆலைகளையும் அதே கோலால் அளந்து பார்த்தல் வேண்டும்.

எழுபத்தைந்தாண்டுக் கணக்கு

தமிழ்நாட்டில் மகிழுந்துத் தொழில் புதிதன்று. 1948-இல் சென்னையில் தோன்றிய 'இசுடாண்டர்டு' நிறுவனம், ஆங்கில நாட்டு வண்டிகளை வண்டலூரில் பொருத்தியது. 'எரால்டு' எனும் அதன் வண்டி ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் பெருமையாக ஓடியது. நாற்பதாண்டு அளவும் அந்நிறுவனம் பிறர் வரைந்த உடலையே நம்பி வாழ்ந்தது. இறுதியில் 1985-இல் வெளியிட்ட வண்டிக்கு உடல் ஓர் ஆங்கில மகிழுந்தினது. பொறியோ அதனினும் பல்லாண்டு மூத்தது. சில ஆண்டுகளில் ஆலை மூடிற்று. பொருத்துந் தொழில் எத்துணை நாள் நடப்பினும் தானாகப் படைக்குந் தொழிலாக மாறாது என்பதற்கு அவ்வாலையே சான்று.

படைக்க முனைந்த தமிழ்நாட்டார் இல்லையா? இருந்தார். கோவைத் தொழிலறிஞர் கோ. துரைசாமி நாயுடு, ஈராயிரம் உருபா விலையில் இருவர் செல்லத்தக்க சிறு மகிழுந்தை 1952-இல் உருவாக்கினார். ஆக்கத்திற்கான உரிமத்தைத் தில்லி தரவில்லை. ஆனால், 1970-ஆம் ஆண்டு தலைமையமைச்சர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்திக்கு ஆண்டுக்கு 50,000 சிறு மகிழுந்து செய்ய அதே தில்லி ஒப்புதல் தந்தது. 1977 அளவும் அவர் தொடங்கிய 'மாருதி' நிறுவனத்திலிருந்து விற்பனைக்கென ஒரு மகிழுந்தும் வரவில்லை. பின்னர் அந்நிறுவனம் அரசுடைமையாகி, சப்பானியச் 'சுசூக்கி'யின் துணைகொண்டு 1983-இல்தான் முதல் வண்டி ஓடிற்று. செய்து காட்டிய கோவையானுக்கு உரிமம் இல்லை. செய்யாத தில்லியானுக்கு உரிமம் உண்டு! 2025 அக்குதோபரில் கோவை அவிநாசிச் சாலையின் பத்துக் கல் நீள மேம்பாலத்துக்கு - கிலோமீட்டர்க் கணக்கில் பத்து - நாயுடுவின் பெயர் சூட்டப்பெற்றது. அப்பாலத்தின்மேல் கொரியன் வண்டியும் சப்பானியன் வண்டியும் ஓடுகின்றன. அவர் வண்டி ஓடவில்லை. தமிழ்நாட்டில் அறிஞனுக்குக் கிடைப்பது பெயர்ப்பலகையே போலும்!

அடுத்தது மறைமலைநகர்க் கணக்கு. 1916-இல் தனித்தமிழ்க் கொள்கைக்கு வித்திட்ட மறைமலையடிகளாரின் பெயர் தாங்கிய அவ்வூரில்தான் அமெரிக்கப் 'போர்டு' நிறுவனம் ஆலை அமைத்து, 1999 முதல் 'ஐகான்', 'பிகோ', 'எகோசுபோர்ட்டு' என வண்டிகளை வெளியிட்டது. 2021 செபுதம்பர் 9-ஆம் நாள், இந்தியாவில் மகிழுந்து செய்வதை நிறுத்துவதாக அமெரிக்காவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. 2022-இல் மறைமலைநகரிலிருந்து கடைசி வண்டி வெளியேறியது. இருபதாண்டுக்கு மேலாகப் பொறியும் உடலும் பொருத்திக் கை பழுத்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், இழப்பீட்டுத் தொகைக்காகப் போராடும் நிலைக்கு ஆளாயினர். அவர்கள் கையில் திறமை இருந்தது. வரைபடமும் அச்சுவார்ப்பும் வண்டியின் பெயரும் அவர்களுடையவை அல்ல. அதனால், ஆலை நின்றதும் திறமையும் தெருவில் நின்றது. 2025 அக்குதோபரில் அந்நிறுவனமே மீண்டும் 3,250 கோடி உருபாவில், 2029 முதல் அங்குப் பொறிகள் செய்வதாக ஒப்பந்தம் செய்தது. போவதும் வருவதும் அவர்கள் விருப்பம். வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பது தமிழன் தொழில்!

சென்னையை 'ஆசியாவின் டெட்ராய்ட்டு' என்று புகழ்ந்து பேசுவது ஆட்சியாளர்க்கும் முதலாளியர்க்கும் வழக்கமாயிற்று. அமெரிக்க மகிழுந்துத் தொழிலின் தலைநகராயிருந்த அந்த டெட்ராய்ட்டு, 2013 சூலையில் கடனடைக்க இயலாது நொடிப்பு முறையீடு செய்த நகர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. முதலாளி வேறிடம் பெயர்ந்ததும் வறண்டுபோன ஊரின் பெயரைத் தமிழர் தலைநகருக்குப் பட்டமாகச் சூட்டுவது புகழ்ச்சியா, எச்சரிக்கையா?

கற்றுக்கொண்ட நாடுகள்

'இவையெல்லாம் பெருநாடுகளின் வேலை, தமிழனால் ஆகுமா?' என்று கேட்கும் அடிமை மனத்தார்க்குச் சில்லாநத்தத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள ஆலைகளே விடை கூறும்.

கொரியாவின் 'யூண்டாய்' 1967-இல் தோன்றியது. 1968-இல் அது செய்தது என்ன? அமெரிக்கப் போர்டின் வண்டியைப் பொருத்திற்று, அவ்வளவே. 1975-இல், இத்தாலியரைக் கொண்டு உடலை வரைவித்து, சப்பானியர் பொறியைக் கடன்வாங்கி, 'போனி' எனும் தன் வண்டியைச் செய்தது. 1991-இல் தன் சொந்தப் பொறியையே ஆக்கிற்று. கொரிய அரசு முதலாளிகளை அத்திசையில் முடுக்கிற்று. 'இத்தனை ஆண்டில் இத்தனை உறுப்பை உள்நாட்டில் செய்' என்று கட்டளையிட்டது. பொருத்தத் தொடங்கியதிலிருந்து பொறியைப் படைத்தது வரை இருபத்து மூன்றே ஆண்டு! அதே யூண்டாய் 1996-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. தமிழன் பெயரில், தமிழன் உரிமையில், தமிழன் வரைந்த மகிழுந்து எங்கே? 2024 அக்குதோபரில் அந்நிறுவனத்தின் இந்தியக் கிளைப் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பெற்றன. திரண்ட தொகை ஏறத்தாழ 27,870 கோடி உருபா. அது முழுவதும் கொரியத் தாய்நிறுவனத்தின் பங்குக்கு விலையாகக் கொரியாவுக்கே சென்றது. சட்டப்படி அது முறையே. முத்துக் குவியலை மூன்றாகப் பிரித்ததும் அக்காலச் சட்டப்படி முறையாகத்தான் இருந்தது!

வியத்துநாமோ இன்னும் வியப்பளிப்பது. 1973 வரை அமெரிக்கக் குண்டுகளால் எரிக்கப்பெற்ற நாடு அது. வின்பாசுட்டு தோன்றியது 2017-இல்தான். ஐபோங் துறைமுகத்தருகே இருபத்தொரு திங்களில் ஆலை எழுந்தது. முதல் வண்டிகளுக்குச் செருமானிய 'பி.எம்.டபிள்யு.' நிறுவனத்தின் உரிமம் வாங்கப்பெற்றது. சிறு வண்டிக்கு அமெரிக்கச் 'செனரல் மோட்டார்சு' நிறுவனத்தின் உரிமம். 2022-இல் கன்னெய் வண்டிகளை அடியோடு விடுத்து, மின்வண்டிக்கே மாறிற்று. கடன்வாங்கிக் கற்றவன், எட்டாண்டில் தூத்துக்குடிக்கு வந்து ஆலை கட்டுகின்றான். அந்நிறுவனத்தின் மீது பகை கொள்ள வேண்டியதில்லை; அதனிடம் பாடம் கேட்க வேண்டும்.

'வின்பாசுட்டு' என்பது ஆங்கிலச் சொல்லென்றே பலரும் எண்ணுவர். அது வியத்துநாம், பாங்கு, காப்பு, படைப்பு, முன்னோடி எனப் பொருள்படும் வியத்துநாமியச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர்! பிறர் காதுக்கு ஆங்கிலம்போல் ஒலிக்கும் பெயருக்குள்ளும் தன் மொழியை மறைத்துவைத்தான் வியத்துநாமியன். 1945-இல் விடுதலை முழக்கமிட்ட நாள்தொட்டு அந்நாடு பல்கலைக்கழகக் கல்வியையும் தன் மொழியிலேயே நடத்தி வருகின்றது. அம்மொழியிற் கற்ற பொறியாளனே இன்று தூத்துக்குடியில் தமிழ் இளைஞனுக்கு மேலாளனாய் நிற்கின்றான். தாய்மொழியிற் படித்தால் பிழைக்க முடியாதென்று தமிழ்ப்பிள்ளைக்குக் கற்பித்தவர்கள் இக்காட்சியைக் கண்ணாற் காணட்டும்!

மண்ணும் காந்தமும்

மின்மகிழுந்தின் உயிர் இரண்டிடத்தில் இருக்கின்றது. ஒன்று மின்கல அடுக்கு; வண்டியின் விலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அதற்கே. மற்றொன்று மின்னோடியும் அதனை ஆளும் கட்டுப்பாட்டுக் கருவிகளும். கதவையும் இருக்கையையும் கண்ணாடியையும் உள்நாட்டில் செய்துவிட்டு, உயிர் இரண்டையும் வெளியிலிருந்து வரவழைத்தால், அவ்வண்டி உள்நாட்டுச் சட்டை போட்ட வெளிநாட்டு வண்டியே. 2024 மார்ச்சில் நடுவணரசு அறிவித்த மின்வண்டித் திட்டம், அதில் சேரும் நிறுவனங்கள் மூன்றாண்டில் 25 விழுக்காடும் ஐந்தாண்டில் 50 விழுக்காடும் உள்நாட்டு மதிப்பைச் சேர்த்தல் வேண்டும் என்கின்றது. விழுக்காடு காசின் அளவு, அறிவின் அளவன்று. ஐம்பது விழுக்காட்டைச் சட்டையிலேயே நிரப்பிவிட்டால் உயிர் எப்பொழுது வரும்?

மின்னோடிக்கு வேண்டிய வலிய காந்தம் அருமண் தனிமங்களால் ஆவது. 2025 ஏப்பிரலில் சீனம் அக்காந்தத்தின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், இந்திய மகிழுந்து ஆலைகள் நடுங்கின. அவ்வருமண்ணைக் கொண்ட மோனசைட்டு மணல் எங்கே கிடக்கின்றது? தென்தமிழ்நாட்டுக் கடற்கரையில், மணவாளக்குறிச்சியில் நடுவணரசின் மணல் ஆலையே இருக்கின்றது. தூத்துக்குடி முதலான கரைகளில் கனிம மணலை வாரி ஏற்றுமதி செய்த தனியார் வணிகத்தைத் தமிழ்நாட்டரசு 2013-இல் தடைசெய்தது. அதுவரை பல்லாண்டு மணல் மணலாகவே கப்பலேறிற்று. கரையைத் தோண்டுக என்பதன்று இதன் பொருள். கரை மீனவனின் வாழ்வு. அதனை அழித்து எந்த மகிழுந்தும் ஓட வேண்டா. தோண்டிய காலத்திலும் மண்ணைக் காந்தமாக்கும் அறிவை எவரும் தேடவில்லை என்பதே குற்றச்சாட்டு. சிப்பியை விற்றவன் முத்தைக் கல்லாததுபோல், மணலை விற்றவன் காந்தத்தைக் கற்கவில்லை.

கையும் நாவும்

'வேலை கிடைத்தால் போதாதா? இதில் மொழி எங்கே வந்தது?' என்பார் உளர். தொழிலறிவு சொல்லின் மேலேறி வருவது. முத்துக்கரையில் போர்த்துக்கீசியன் வந்து நின்றதன் சான்றாக மேசை, அலமாரி, சன்னல், சாவி எனும் சொற்கள் இன்றும் தமிழன் வீட்டுக்குள் கிடக்கின்றன. வந்தவன் போய்விட்டான், அவன் பெயரிட்ட பொருளுக்குத் தமிழன் இன்றும் அவன் சொல்லையே வழங்குகின்றான். எவன் பொருளைப் படைக்கின்றானோ அவனே பெயரிடுகின்றான். பொருளின் உள்ளுறுப்புக்குத் தன் மொழியிற் பெயர் சொல்லத் தெரியாதவன், அவ்வுறுப்பு ஏன் அவ்வடிவில் இருக்கின்றதென்று கேட்கவும் துணிவதில்லை. 'இதை இங்கே மாட்டு' என்ற கட்டளையை நிறைவேற்றுவதோடு நின்றுவிடுகின்றான்.

பேருந்து, மகிழுந்து, சரக்குந்து, மிதிவண்டி எனும் சொற்களைத் தமிழறிஞர் வழங்கியபோது நகைத்தவர் பலர். இன்று பேருந்து என்னாத நாளிதழ் இல்லை. பல்லிணை, முடுக்கி, மின்கலம், மின்னோடி என்பனவும் அவ்வாறே நிலைபெறும். ஏட்டில் இருந்தாற் போதாது, பட்டறையில் ஒலித்தல் வேண்டும். அதற்குக் கல்வி தமிழில் நடைபெற வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. 2023-இல் சில உறுப்புக் கல்லூரிகளில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்ததும் திரும்பப் பெற்றது. சேர்பவர் குறைவென்பது சொல்லப்பட்ட கரணியம். தமிழிற் கற்றவனுக்கு வேலை தர எந்த ஆலையையும் கட்டாயப்படுத்தாத அரசு, சேர்பவர் குறைவென்று சொல்வது, வித்தை வறுத்து விதைத்துவிட்டு மண்ணைப் பழிப்பது போன்றது.

தொழிலாளி உரிமையும் இதனோடு ஒட்டியதே. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வார ஓய்வும் பெற்றனர். அவ்வெற்றிக்கு அடிப்படை, தலைவரின் பேச்சு தொழிலாளியின் மொழியில் இருந்தது. ஒப்பந்தமும் ஆலை விதிகளும் பாதுகாப்பு அறிவிப்பும் அறியாத மொழியில் இருப்பின், எவ்வுரிமையை இழக்கின்றோம் என்பதையே தொழிலாளி அறியான். தொழில் என்ற பெயரால் தூத்துக்குடி கொடுத்த விலையும் மறக்கத்தக்கதன்று. செப்பு ஆலையின் நச்சுக்கு எதிராக எழுந்த மக்கள்மீது 2018 மே திங்களில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பதின்மூவர் மாண்டனர். மூடிய அவ்வாலையைத் திறக்கக் கோரிய முறையீட்டை உச்சநீதிமன்றம் 2024 பிப்பிரவரி 29-ஆம் நாள் தள்ளிற்று. மகிழுந்து ஆலைக்கு அடிக்கல் நாட்டி நான்கே நாள் ஆகியிருந்தது. தொழில் வேண்டுமா எனும் வினாவை அம்மக்கள் கேட்கவில்லை. எத்தகைய தொழில், எவர்க்காக என்று கேட்டனர்.

கேட்க வேண்டியவை

சிதம்பரனார் மூன்று படியை எழுத்தில் வைத்தார். தமிழ்நாட்டரசும் அவ்வாறே எழுத்தில் வைத்தல் வேண்டும்.

முதலாவது, ஆலைகளோடு செய்யும் ஒப்பந்தங்கள் தமிழில் வெளியிடப்பெறல் வேண்டும். நிலமும் நீரும் மின்னாற்றலும் தமிழ்நாட்டுடையவை. அவற்றைப் பெறுவோன் என்ன தருவான் என்பதை நாட்டார் அறிதல் வேண்டும்.

இரண்டாவது, எந்த ஆண்டில் எந்த உறுப்பு இங்குச் செய்யப்பெறும் என்பது, மின்கல அடுக்கும் மின்னோடியும் உட்பட, ஆண்டுக் கணக்கோடு குறிக்கப்பெறல் வேண்டும். கொரியா தன் முதலாளிகளுக்கு இட்ட கட்டளையை இங்கு வருவோர்க்கு இடுவதில் தவறென்ன?

மூன்றாவது, வரைவுக்கும் ஆய்வுக்குமான பிரிவு ஒன்று ஆலையோடு அமைந்து, தென்மாவட்ட இளைஞர் அதில் இடம்பெறல் வேண்டும். கப்பல் கட்டும் கல்விச்சாலைக்குச் சிதம்பரனார் கண்ட கனவு, மின்வண்டிக் கல்லூரியாக அம்மண்ணில் எழட்டும்.

நான்காவது, தொழிற்பயிற்சியும் பணிநூல்களும் பாதுகாப்பு அறிவிப்புகளும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழிற் பொறியியல் கற்றோர்க்கு ஆலைகளில் உரிய இடம் ஒதுக்கப்பெறல் வேண்டும். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை மறுக்கப்பெறாதிருத்தல் வேண்டும்.

இவற்றைக் கேட்டால் முதலாளிகள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவர் என்று அச்சுறுத்துவோர் இருப்பர். ஒன்றும் கேளாதிருந்தபோதும் போர்டு போகத்தான் செய்தது. கேட்காததனால் எவரும் தங்கிவிடுவதில்லை. கற்றுக்கொள்ளாததனால் தமிழன்தான் தங்கிவிட்டான்.

ஆலை வந்துவிட்டது, உறுப்புகள் கப்பலில் வருகின்றன, தமிழிளைஞன் கை அவற்றைப் பொருத்துகின்றது. அக்கை பொருத்தும்போதே அவன் அறிவு பிரித்துப் பார்க்கட்டும்! ஒவ்வோர் உறுப்பையும் ஏன், எதற்கு, எவ்வாறு என்று தன் தாய்மொழியில் வினவட்டும்! குளித்தவனாகவே முடிந்துபோன முன்னோரின் கதை அவனோடு முடியட்டும்! இருபதாண்டு கழித்துத் தூத்துக்குடித் துறையிலிருந்து ஒரு மகிழுந்து கப்பலேறி வெளிநாடு செல்லும்போது, அதன் வரைபடம் தமிழன் வரைந்ததாயும் அதன் பெயர் தமிழ்ப்பெயராயும் இருக்குமாயின், அன்றுதான் அத்துறைமுகத்துக்குச் சிதம்பரனார் பெயர் உண்மையில் பொருந்தும். அதுவரை அது பலகையில் எழுதிய பெயரே!